குறுஞ்செய்தியில் நட்பு வளருமா?

"எந்நேரமும் அந்தச் செல்லையே நோண்டிக்கிட்டு இருக்கியே, கூடப் படிக்கிற பிள்ளைங்களோட நேர்ல நாலு வார்த்தை பேசினா என்ன?"

"அவங்களோடதாம்மா பேசிக்கிட்டு இருக்கேன்!"

இந்த உரையாடல் நடைபெறாத வீடு இன்று குறைவு. தாய் சொல்வதும் மகன் சொல்வதும் ஒன்றுக்கொன்று நேரெதிர். வீட்டில் இது பெரும்பாலும் குரல் உயர்ந்தவர் பக்கமே தீர்ப்பாகிவிடும். ஆனால் அறிவியல் மாணவருக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. இரண்டு கூற்றுகளையும் இரண்டு கருதுகோள்களாக எழுதிக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம் அல்லவா? கடந்த கால் நூற்றாண்டில் உண்மையாகவே அப்படிச் சோதித்திருக்கிறார்கள்.

தாயின் கூற்றை 'இடப்பெயர்ச்சிக் கருதுகோள்' எனலாம். நிறைந்த குடத்தில் ஒரு கல்லைப் போட்டால் கல்லின் கன அளவுக்குத் தண்ணீர் வெளியே வழிகிறது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். அதில் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்புவதில் போனால், வேறெதுவோ இரண்டு மணி நேரம் வழிந்து போயாக வேண்டும். வழிந்து போவது நண்பர்களோடு நேரில் பழகும் நேரம் என்பது தாயின் வாதம். மகனின் கூற்று 'தூண்டல் கருதுகோள்'. செய்திப் பரிமாற்றம் பழைய நட்பைக் கிளறிவிடுகிறது. அதனால் நட்பு ஆழமாகிறது. மனமும் நிறைவடைகிறது என்பது அதன் சாரம்.

இரண்டுமே கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. பொருத்தமாக இருப்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது.

பிட்ஸ்பர்க்கில் நடந்தது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு ராபர்ட் கிராவுட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1995இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். அந்நாளில் வீட்டில் இணைய வசதி அரிது. ஆய்வாளர்களே குடும்பங்களுக்குக் கணிப்பொறியும் தொலைபேசி இணைப்பும் கொடுத்தார்கள். பிறகு 73 வீடுகளைச் சேர்ந்த 169 பேரை ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டிலேயே இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் யார் தெரியுமா? பதின்வயதினர்தான்.

1998இல் முடிவு வெளியாயிற்று. இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேசுவது சற்றுக் குறைந்திருந்தது. பழகும் வட்டம் சற்றுச் சுருங்கியிருந்தது. தனிமை உணர்வு சற்று உயர்ந்திருந்தது. மனிதர்களை இணைக்க வந்த கருவி மனிதர்களைத் தனிமைப்படுத்துகிறதே என்று ஆய்வாளர்கள் இதை ஒரு முரண்புதிர் என்றே அழைத்தார்கள். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன. தாய்மார்கள் வென்றுவிட்டதாகவே தோன்றியது.

கதை அங்கே முடியவில்லை. அதே குழு அதே மக்களிடம் மீண்டும் சென்றது. 2002இல் வெளியான கட்டுரையில் அந்தத் தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்து போயிருந்தன! முதல் முடிவைத் தாமே மறுபடியும் சோதித்து, மாறிவிட்டது என்று தாமே வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், முதல் கட்டுரையைவிட இந்த இரண்டாவது கட்டுரையே பெரிய சாதனை என்பேன்.

மனிதர்கள் அவர்களேதான். கருவியும் ஏறக்குறைய அதுவேதான். பிறகு எது மாறியது? ஒரு விளக்கம் இதுதான். தொலைபேசியைக் கண்டுபிடித்த புதிதில் ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அது இருந்தால் யாரிடம் பேசுவது? 1995இல் ஒரு பையன் இணையத்தில் நுழைந்தால் அவனுடைய பள்ளித் தோழர்கள் அங்கே இல்லை. அவன் பேசியது பெரும்பாலும் முகம் தெரியாத அயலாரோடு. சில ஆண்டுகளில் வகுப்பு முழுவதும் இணையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கருவி அப்படியே இருந்தாலும் மறுமுனையில் இருப்பவர் மாறிவிட்டார்.

மறுமுனையில் யார்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டி வால்கன்பர்க், யோகன் பீட்டர் ஆகிய இருவர். 10 முதல் 17 வயது வரையிலான 1,210 நெதர்லாந்துச் சிறுவர் சிறுமியரிடம் அவர்கள் வினாத்தாள் கொடுத்தார்கள். முடிவுகள் 2007இல் வெளியாயின. அங்கே அப்போது இரண்டு வகைப் பேச்சு இணையத்தில் நடந்து வந்தது. ஒன்று, பட்டியலில் உள்ள, தெரிந்த நண்பருக்கு உடனுக்குடன் செய்தி அனுப்புவது. மற்றது, பொது அரட்டை அறைகளில் அயலாரோடு பேசுவது.

இரண்டையும் அவர்கள் கலந்துவிடாமல் தனித்தனியே கணக்கிட்டார்கள். தெரிந்த நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியவர்கள் நேரிலும் அந்த நண்பர்களோடு கூடுதலான நேரம் செலவிட்டார்கள். நட்பின் தரமும் உயர்வாக இருந்தது. அதன் வழியாக வாழ்க்கையில் மனநிறைவும் சற்று உயர்ந்திருந்தது. அரட்டை அறைப் பேச்சுக்கு இத்தகைய விளைவு எதுவும் காணப்படவில்லை. தண்ணீர் வழியவில்லை; குடமே சற்றுப் பெரிதானது போல் ஆயிற்று! மகன் சொன்னதில் பாதி உண்மை. "அவங்களோடதாம்மா" என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

மனநிறைவை எப்படி அளந்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் இயற்பியல் மாணவர் அல்லர். 1985இல் எட் டைனர் என்ற அமெரிக்க உளவியலாரும் அவருடைய தோழர்களும் ஐந்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடலாம். 'என் வாழ்க்கை எனக்குப் பிடித்தபடி இருக்கிறதா?' என்னும் போக்கில் அமைந்த வாக்கியங்கள் அவை. மொத்தம் குறைந்தது 5, கூடியது 35. இந்த வகை வினாத்தாள்களைத்தான் இத்துறையில் பயன்படுத்துகிறார்கள். இது வெப்பமானி போன்றது அன்று. பாதரசம் உங்களைப் பார்த்து வெட்கப்படாது, பொய் சொல்லாது. மனிதர் இரண்டும் செய்வார். ஆகவே இத்துறையில் கிடைக்கும் எண்களை நாம் சற்று எட்ட நின்றே மதிக்க வேண்டும்.

தவளையும் குடையும்

இன்னொரு பொறியும் இருக்கிறது. தவளைகள் உரக்கக் கத்தும் மாதங்களில் கடைகளில் குடை விற்பனை உயருகிறது. எனவே தவளைச் சத்தத்தைக் கேட்டு மக்கள் குடை வாங்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டையும் ஆட்டுவிப்பது மழை. இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதை ஒட்டுறவு என்கிறோம். ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. நிறைய நண்பர்கள் உள்ள பெண் நிறையச் செய்தி அனுப்புகிறாள்; மகிழ்ச்சியாகவும் இருக்கிறாள். செய்தியால் மகிழ்ச்சி வந்ததா, நண்பர்களால் இரண்டும் வந்தனவா? ஒரே ஒரு முறை வினாத்தாள் கொடுத்தால் இதைப் பிரித்தறிவது கடினம். ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக்கும் இந்தக் குறை உண்டு.

ஒட்டுறவு எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டப்பட்ட 3,55,358 பதின்வயதினரின் விவரங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். செல்பேசி, கணிப்பொறி போன்றவற்றின் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் எதிர்த்திசையில் ஓர் ஒட்டுறவு இருந்தது உண்மைதான். ஆனால் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அது விளக்கியது 0.4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஒட்டுறவுக் கெழுவாக மாற்றினால் ஏறக்குறைய 0.06. வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் விளக்கைச் சுற்றும் ஈசல் கூட்டம் போலத்தான் தெரியும். கோடு கண்ணுக்குப் புலப்படாது.

அவர்கள் வேடிக்கையான ஒப்பீடு ஒன்றையும் செய்தார்கள். அதே விவரங்களில், உருளைக்கிழங்கு அடிக்கடி உண்பதற்கும் மனநலத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு எதிர் ஒட்டுறவு இருந்தது. கண்ணாடி அணிவதற்கு அதைவிடக் கூடுதலாக இருந்தது! கண்ணாடியைக் கழற்றிவிட்டால் மகிழ்ச்சி பெருகும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. மாறாக, போதிய தூக்கமும் காலைச் சிற்றுண்டியும் நல்ல திசையில் இவற்றைவிட மிகப் பெரிய ஒட்டுறவைக் காட்டின. குடத்திலிருந்து எது வழிகிறது என்று தாய் தேட வேண்டுமானால், நண்பனோடு பேசும் நேரத்தை விட்டுவிட்டு முதலில் தூக்கத்தைத் தேடுவதே முறை என்பது என் கருத்து. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் திரைக்கு எதிராக எனக்கு வேறு எந்தச் சான்றும் தேவையில்லை.

17.5 மில்லி விநாடி

இனி நம் துறைக்கு வருவோம். ஒரு செய்திக்குள் எவ்வளவு தகவல் போகிறது? எளிய கணக்குதான், தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஒரு பைட் என்பது 8 பிட். ஆக 140 × 8 = 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் ஒதுக்கினால் 160 எழுத்துகள் கொள்ளும். நம் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும். எனவே 70 குறியீடுகள்தாம். அதிலும் 'நட்பு' என்ற மூன்றெழுத்துச் சொல் கணிப்பொறிக் கணக்கில் ஐந்து குறியீடுகள்: ந, ட, மேற்புள்ளி, ப, உகரக் கொக்கி. தமிழில் குறுஞ்செய்தி அனுப்புபவர் சிக்கனக்காரராகத்தான் இருக்க வேண்டும்!

அடுத்து, குரல். பழைய எண்முறைத் தொலைபேசியில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறார்கள். விநாடிக்கு 64,000 பிட். 1,120ஐ 64,000ஆல் வகுத்துப் பாருங்கள். 0.0175 விநாடி! முழுமையான ஒரு குறுஞ்செய்தியின் பிட்டுகள் எல்லாம் சேர்ந்தாலும் தொலைபேசிக் குரலில் 17.5 மில்லி விநாடிக்குத்தான் வரும். 'ஹலோ' என்பதில் 'ஹ' கூட முழுதாக முடியாது.

பிட் வேறு, பொருள் வேறு என்பதை மறக்கக் கூடாது. தகவல் கோட்பாட்டை 1948இல் வகுத்த கிளாட் ஷானன், செய்தியின் பொருளைத் தம் கணக்கிலிருந்து தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டார். 'அப்பாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது' என்ற வரி சில நூறு பிட்தான். அதன் மதிப்பை பிட்டில் சொல்ல முடியுமா? ஆனாலும் அந்தக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. குரலின் ஏற்ற இறக்கம், தயக்கம், மூச்சு, சிரிப்பு ஆகிய அனைத்தும் எழுத்தாக மாறும்போது வடிகட்டப்பட்டுவிடுகின்றன. வடிகட்டியில் எதையெதை இழக்கிறோம் என்பது அனுப்புகிறவருக்குத் தெரிவதில்லை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்: எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை விரலால் மேசைமேல் தட்டுங்கள். எதிரே இருக்கும் தோழர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டுவதற்கு முன், அவர் கண்டுபிடிப்பாரா என்று உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி 1990இல் இதைச் செய்தார். தட்டியவர்கள் ஏறக்குறைய பாதிப் பாட்டுகளைக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவர் காதில் பாட்டு முழுவதும் ஒலிக்கிறது. கேட்பவருக்கு வெறும் டக்-டக் மட்டும்தான்.

செய்தி அனுப்புபவரும் இப்படித்தான். ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்ளி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகவோ உண்மையாகவோ ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். பெறுபவர் எது என்று கண்டறிய வேண்டும். சரியாகக் கண்டறியப்படும் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது ஏறக்குறைய 78 விழுக்காடு. குரலில் அனுப்பியபோது நான்கில் மூன்று சரியாகப் போய்ச் சேர்ந்தன. மின்னஞ்சலில் 56 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலே 50 விழுக்காடு வந்திருக்குமே!

எத்தனை நட்புகள் இந்த இடைவெளியில் முறிகின்றன! 'சரி, உன் இஷ்டம்' என்று ஒருவள் எழுதுகிறாள். அவள் மனக்காதில் சிரிப்பு ஒலிக்கிறது. படித்தவளுக்கோ கதவைச் சாத்துவது போல் கேட்கிறது. மறுநாள் வகுப்பில் இருவரும் வேறு வேறு பெஞ்சு.

இந்தச் சிக்கல் செல்பேசிக்கு முந்தியது. 1982இல், அதே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணிப்பொறி அறிவிப்புப் பலகை ஒன்றில் ஓர் இயற்பியல் புதிர் ஓடிக்கொண்டிருந்தது. மின்தூக்கி ஒன்றின் கம்பி அறுந்து தடையின்றி விழுகிறது. உள்ளே எரியும் மெழுகுவத்தியும் தரையில் ஒரு துளிப் பாதரசமும் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன ஆகும்? (விடையை உங்கள் ஆசிரியரோடு விவாதியுங்கள். சுவாலை ஏன் மேல்நோக்கி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் வழி கிடைக்கும்.) யாரோ ஒருவர் வேடிக்கையாக, 'இயற்பியல் சோதனையால் மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது, எச்சரிக்கை' என்று எழுதினார். சிலர் உண்மை என்றே நம்பிவிட்டார்கள்! வேடிக்கையை வேடிக்கை என்று காட்ட ஒரு குறி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர், முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் பக்கவாட்டில் சிரிக்கும் முகம் ஒன்று கிடைக்கும் என்று செப்டம்பர் 19 அன்று எழுதினார். இன்று நீங்கள் அனுப்பும் மஞ்சள் முகங்களுக்கெல்லாம் முன்னோடி அது.

வடிகட்டப்படுவது பொருள் மட்டுமன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சரும் குழுவினரும் ஏழரை முதல் 12 வயது வரையிலான சிறுமியரை அவையோர் முன்னே பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். நெஞ்சு படபடக்கும் வேலை அல்லவா? பிறகு சிலரைத் தாயோடு நேரில் பேசவிட்டார்கள், சிலரைத் தொலைபேசியில், சிலரைத் தட்டச்சுச் செய்தி மூலம், சிலரை யாரோடும் பேசவிடவில்லை. அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால், நெருக்கத்தோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்னும் இரண்டு ஹார்மோன்களையும் அளந்தார்கள். தாயின் குரலைக் கேட்டவர்களுக்கு, நேரிலாயினும் தொலைபேசியிலாயினும், கார்ட்டிசால் இறங்கியது; ஆக்ஸிடோசின் ஏறியது. தட்டச்சில் ஆறுதல் பெற்றவர்களின் அளவுகள், யாரோடும் பேசாதவர்களின் அளவுகளைப் போலவே இருந்தன! 2012இல் வெளியான இந்த ஆய்வு தாயையும் மகளையும் பற்றியது, தோழியரைப் பற்றியது அன்று. இருந்தாலும், தேர்வு முடிவு கண்டு அழும் தோழிக்கு எழுதுவதா, அழைப்பதா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்த ஆய்வைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கூச்சமுள்ளவர் நிலை

வடிகட்டி எல்லோருக்கும் இழப்புதானா? நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் பையனுக்கு முகம் தெரியாத எழுத்து ஓர் உதவியாகாதா? எழுதலாம், அழிக்கலாம், யோசித்துத் திருத்தலாம். முகம் சிவப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். பிட்ஸ்பர்க் குழு 2002இல் கண்டது இதற்கு மாறானது. பழகும் இயல்புடையவர்களுக்கே இணையத்தால் நன்மை கூடியது. ஒதுங்கும் இயல்புடையவர்களுக்குக் குறைந்தது. இருப்பவனுக்கே மேலும் சேர்வது போல. ஆம்ஸ்டர்டாம் குழுவினர் 794 சிறார்களிடம் நடத்திய வேறோர் ஆய்வில் (அதுவும் 2007தான்) படம் சற்றுக் கலங்கலாகவே இருந்தது. கூச்சமுள்ளவர்கள் மொத்தத்தில் குறைவாகவே செய்தி அனுப்பினார்கள். ஆனால் அவர்களுள் ஒரு பகுதியினர், மனத்தில் உள்ளதைச் சொல்ல இதுவே நல்ல வழி என்று கருதினார்கள். அப்படிக் கருதியவர்கள் மிகுதியாகவே பயன்படுத்தினார்கள். நெருக்கம் கூடியது, ஏற்கெனவே தெரிந்த நண்பர்களோடு பேசியவர்களுக்குத்தான்.

சராசரி என்பதற்குள் எத்தனை பேர் மறைந்திருக்கிறார்கள் பாருங்கள்! இதை நேரடியாகக் காட்டியது 2020இல் வெளியான இன்னொரு ஆம்ஸ்டர்டாம் ஆய்வு. 63 பதின்வயதினரிடம் ஒரு வாரம், நாளொன்றுக்கு ஆறு முறை, அப்போதைய மனநிலையைச் செல்பேசியிலேயே கேட்டார்கள். சமூக ஊடகங்களில் பிறர் இட்டதைப் பார்த்ததும் 46 விழுக்காட்டினர் மனநிலை உயர்ந்தது. 44 விழுக்காட்டினரிடம் மாற்றமே இல்லை. 10 விழுக்காட்டினர் மனநிலை தாழ்ந்தது. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 'விளைவு மிகச் சிறிது' என்றுதான் வரும். அந்தப் பத்தில் ஒருவருக்கு அது சிறிதாக இராது.

ஆகவே தாய்க்கும் மகனுக்கும் இடையிலான வழக்கில் நெதர்லாந்துப் பிள்ளைகளின் சராசரியைக் கொண்டுவந்து தீர்ப்பெழுத முடியாது. அந்த மகனையே அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை; ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்.

மூன்று வாரம், நாள்தோறும் இரவு ஒரே நேரத்தில், ஐந்து எண்களை எழுதுங்கள்: தெரிந்த நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிய நிமிடங்கள், மற்றவற்றைத் திரையில் பார்த்த நிமிடங்கள், நண்பர்களோடு நேரில் இருந்த நிமிடங்கள், முந்தைய இரவு தூங்கிய மணிகள், இன்றைய நாள் எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதற்கு 1 முதல் 7 வரை ஒரு மதிப்பெண். மதிப்பெண்ணை முதலில் போட்டுவிடுங்கள். நிமிடங்களைக் கூட்டிய பிறகு போட்டால் உங்கள் கை சாயும். முந்தைய நாள் எண்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள். தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா போன்றவை வந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தவளைக்கும் குடைக்கும் நடுவே மழை எங்கே பெய்தது என்று பிறகு தெரியும்.

மூன்று வாரத்தில் 21 புள்ளிகள் கிடைக்கும். நிறைவை நெட்டச்சில் வைத்து, மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகக் கிடையச்சில் வைத்து நான்கு வரைபடங்கள் வரையுங்கள். எந்த வரைபடத்திலாவது புள்ளிகள் ஒரு சரிவாகத் திரள்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் தோழர் ஒருவரும் இதையே தனியாகச் செய்து, கடைசி நாளில் இருவரும் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அந்தக் கடைசி வேலையை மட்டும் செய்தியில் அனுப்பாமல் நேரில் செய்யுங்கள்.